6 வோல்ற்றிலேயே இருக்கட்டும்: போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் மின்னமைப்பை மீட்பது பற்றி

திருகோணமலை உப்புவெளியைச் சேர்ந்த ஒருவர், 1943ஆம் ஆண்டு வில்லிஸ் எம்பி ஜீப் ஒன்றைச் சீனன்குடாப் பக்கத்துக் காணியொன்றிலிருந்து வாங்கியிருக்கிறார். இயந்திரம் பழைய பெற்றோல் இயந்திரமேதான். ஆனால் முன்னைய உரிமையாளர் எவரோ மின்னமைப்பை 12 வோல்ற்றுக்கு மாற்றி, ஜப்பானியக் கார் ஒன்றின் அல்டனேற்றரைப் பூட்டி, பிளாஸ்ரிக் வயர்களைக் கண்டபடி ஓடவிட்டிருக்கிறார். அதைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இவரது விருப்பம். விசாரித்த கராஜ்களில் எல்லாம், 6 வோல்ற்றில் வெளிச்சமும் வராது, ஸ்டாட்டரும் சுற்றாது, 12இலேயே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது, எவற்றை இங்கேயே செய்துகொள்ளலாம், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்கிறார்.

முதலில் அந்தக் கராஜ் வாதத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லா முடிவுகளும் அதில்தான் தங்கியிருக்கின்றன. 6 வோல்ற் அமைப்பு போரின் எல்லாத் தட்பவெப்பத்திலும் ஓடிய அமைப்பு. அது இன்று ஓடாமல் போவதற்குக் காரணம் மின்னழுத்தம் குறைவாக இருப்பதன்று. 12 வோல்ற்றுக்கென விற்கப்படும் மெல்லிய வயரை அதில் போட்டதும், துருப்பிடித்த எர்த் இணைப்புகளை, அதாவது மின்னோட்டம் உடல் வழியே பற்றரிக்குத் திரும்பும் இணைப்புகளை, அப்படியே விட்டதும்தான். தம்பலகாமத்து வயலில் நீர்மட்டம் தாழ்வாக உள்ள இடத்துக்கு அகலமான வாய்க்கால் வெட்டுவார்கள். குறைந்த மின்னழுத்தத்துக்குத் தடித்த வயர் வேண்டியிருப்பதும் அதே நியாயத்தால்தான். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து 90 வாற் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ற்றில் 7.5 அம்பியர் ஓடும் இடத்தில் 6 வோல்ற்றில் 15 அம்பியர் ஓட வேண்டும். மின்னோட்டம் இரட்டிப்பாவதால் ஒரே வயரில் இழக்கும் மின்னழுத்தமும் இரட்டிக்கிறது. மொத்த அழுத்தமோ பாதி என்பதால், இழப்பின் விகிதம் நான்கு மடங்காகிறது. இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கைப் பின்பற்றி மாறும். ஆகவே 6 வோல்ற் விளக்கு ஒன்றுக்கு வழியில் அரை வோல்ற் தொலைந்தால் ஒளியில் காற்பங்கு போய்விடும். ஒரு வோல்ற் தொலைந்தால் ஏறத்தாழ பாதி போய்விடும். 12 வோல்ற் விளக்கு அதே அரை வோல்ற்றை இழந்தால் ஏழில் ஒரு பங்குதான் மங்கும், ஓட்டுபவர் அதைக் கவனிக்கவும் மாட்டார். "6 வோல்ற் மங்கல்" என்ற பேச்சு முழுவதும் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறந்திருக்கிறது.

ஸ்டாட்டர் விடயத்தில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். சுற்றும்போது 200 அம்பியர் எடுக்கிறது என்றும், போக வர கேபிளின் மொத்த நீளம் ஒன்றரை மீற்றர் என்றும் கொள்ளுங்கள். கடைகளில் சாதாரணக் கார்களுக்கெனக் கொடுக்கும் 16 சதுர மில்லிமீற்றர் கேபிளில் மூன்றில் ஒரு வோல்ற் அளவு கேபிளிலேயே தீர்ந்துவிடும். 50 சதுர மில்லிமீற்றர் கேபிளில் அது ஏறத்தாழ 0.1 வோல்ற்றோடு நின்றுவிடும். நகரில் வெல்டிங் கேபிள் விற்கும் எந்தக் கடையிலும் 50 அல்லது 70 சதுர மில்லிமீற்றர் அளவைக் கேட்டு வாங்கலாம். பழைய துணியுறைக் கேபிளின் பருமனும் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்திருக்கும். முழு மீட்புக்கும் முன்னதாக, இந்த இரண்டு கேபிள்களையும் எர்த்தையும் மட்டும் சரிசெய்து, கடன்வாங்கிய 6 வோல்ற் பற்றரியில் ஸ்டாட்டரைச் சுற்றிப் பாருங்கள். அதன்பின் கராஜ்காரர்களோடு வாதாடத் தேவையிராது.

அடுத்ததாக, எந்த நாளைய நிலைக்குத் திருப்பப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். திருகோணமலையில் இது வெறும் நுட்பவாதமன்று. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது உங்கள் ஜீப் பிறந்திருக்கவில்லை. 1943இல் செய்யப்பட்ட வாகனம் இங்கே போர்க்காலத்தில் வந்திருந்தால் பெரும்பாலும் பிரித்தானியப் படைகளின் கையில்தான் இருந்திருக்கும். கடற்படைத் தளமும் விமானத்தளமும் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்ட 1957 வரை, அதன் பின்னரும்கூட, பணிமனைகளில் அவ்வப்போது திருத்தப்பட்டிருக்கும். எனவே தொழிற்சாலைநிலை, சேவைக்காலநிலை என்று இரண்டு நேர்மையான தெரிவுகள் உள்ளன. உடலில் கூடுதலாகத் துளைத்த ஓட்டைகள், பொருந்தாத இடத்தில் உள்ள விளக்குத் தாங்கிகள், பூச்சின் அடியில் மறைந்துள்ள இலக்கங்கள் என்பவற்றைப் பார்த்து, சேவைக்காலச் சான்று வலுவாக இருந்தால் அதை அழிக்காதீர்கள் என்பதே என் கருத்து. சான்று எதுவும் இல்லையென்றால் தொழிற்சாலைநிலைதான் பாதுகாப்பான தெரிவு. அதற்கு அன்றைய படைத்துறைப் பராமரிப்புக் கைநூலும் உதிரிப்பாகப் பட்டியலும் துணையிருக்கின்றன.

வாகனம் உண்மையில் வில்லிஸ்தானா என்பதையும் பாருங்கள். அதே வடிவத்தை ஃபோர்ட் நிறுவனம் ஜிபிடபிள்யூ என்ற பெயரில் செய்தது. இரு நிறுவனங்களும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் அதிகமானவற்றைச் செய்தன. சட்டகத்தின் முன் குறுக்குத்தண்டு குழாய் வடிவில் இருந்தால் வில்லிஸ், செவ்வக வடிவில் இருந்தால் ஃபோர்ட். ஃபோர்ட்டின் சிறு பாகங்களில்கூட, ஆணிகளின் தலை உட்பட, அந்நிறுவனத்தின் எழுத்துக் குறி பொறிக்கப்பட்டிருக்கும். எண்பது ஆண்டுகளில் இரண்டின் பாகங்களும் கலந்துவிட்டதால், சட்டகம் வில்லிஸாகவும், பற்றரியை ஏற்றும் டைனமோ ஃபோர்ட் வழியில் வந்ததாகவும் இருப்பது சாதாரணம். அதை நீங்கள் பொருட்படுத்தாமல் விடலாம். ஆனால் எது எதுவென்று தெரிந்துதான் விட வேண்டும்.

கழற்றத் தொடங்குமுன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் படமெடுத்து, ஒவ்வொரு வயரின் நுனியிலும் இலக்கமிட்ட துணிப்பட்டி கட்டுங்கள். பிளாஸ்ரிக் வயர்களுக்கிடையே, சட்டகத்தின் உட்புறத்திலோ கருவிப் பலகையின் பின்னாலோ, பழைய துணியுறை வயரின் ஒரு முழத் துண்டாவது எஞ்சியிருக்கும். அதைத் தூக்கி எறியாதீர்கள். அதன் நிறமும், நெசவில் ஓடும் அடையாள இழையும், பிடிப்பான்கள் இருந்த இடமும் உங்களுக்கு எந்தப் புத்தகமும் தராத தகவல்கள். குறிப்பாகப் பிடிப்பான்களின் துளைகளைத் தொடர்ந்து சென்றால் மூல வயர்க்கட்டு ஓடிய பாதை தானாகவே தெரிந்துவிடும்.

வயர்க்கட்டைத் துணியுறையுடன் வெளிநாட்டில் ஆயத்தமாக வாங்கலாம். அப்படி வாங்கினால், துணியின் கீழே உள்ள செம்பின் பருமனை விற்பவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பார்வைக்குப் பொருந்தி, உள்ளே 12 வோல்ற் அளவு மெல்லிய செம்பை வைத்தவையும் விற்பனையில் உண்டு. நீங்களே கட்டுவதாயின், நம் ஊருக்கென்று ஒரு மாற்றத்தைச் சிபாரிசு செய்வேன். உட்துறைமுக வீதியில் நிறுத்திவைக்கும் எந்த வாகனத்திலும் உப்புக்காற்று வேலை செய்கிறது. ஒக்டோபரில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழையில் துணியுறை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நாட்கணக்கில் உலராமல் இருக்கும். வெறும் செம்பு வயரை எடுத்து நுனியை வெட்டிப் பார்த்தால், உறைக்குள்ளே ஒரு சாண் தூரம் களிம்பு ஏறிக் கறுத்திருப்பதைக் காணலாம். அப்படிப்பட்ட வயரில் ஈயமும் பிடிக்காது. ஆகையால் படகுகளுக்கு விற்கும் வெள்ளீயம் பூசிய செம்பு வயரை எடுத்து, அதன் மேல் பருத்தி நெசவுறையை இழுத்துப் பூட்டி, தெளிந்த செல்லுலோஸ் லாக்கரை இரண்டு மூன்று தடவை பூசுங்கள். வெளிப்பார்வை அன்றைய வயரைப் போலவே இருக்கும், உள்ளே உப்பைத் தாங்கும். இதை மூலத்துக்குத் துரோகம் என்று சொல்லும் தூய்மைவாதிகள் மலைநாட்டில் இருக்கட்டும்.

நுனிகளில் அன்று வளைய முனைகளை ஈயம் வைத்தே பற்றவைத்தார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம், ஆனால் ஒரு நிபந்தனை: ரொசின் கலந்த ஈயத்தை மட்டும் பாவியுங்கள். தகரவேலைக்காரர் பாவிக்கும் அசிட் திரவம் பற்றுவதை இலகுவாக்கும். சில மாதங்களில் அதுவே வயரின் இழைகளைத் தின்றுவிடும். ஈயம் வைத்த இடத்துக்கு அப்பால் இழைகள் விறைத்து, அதிர்வில் முறியும் என்பதால், முனைக்கு அடுத்துள்ள பகுதியைப் பிடிப்பானால் தாங்கிவிட வேண்டும். பெற்றோல் தாங்கி சாரதியின் ஆசனத்துக்கு நேர் கீழே இருப்பதையும், எரிபொருள் மானிக்கான வயர் அங்கேதான் போய் முடிவதையும் மறந்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்து முனைகளை மேசையில் வைத்து முடித்த பிறகே வாகனத்துக்குள் கொண்டுபோங்கள்.

எர்த் என்பது இந்த வாகனத்தில் மின்சுற்றின் சரிபாதி. எம்பியில் பற்றரியின் எதிர்முனை உடலோடு இணைகிறது. அதே காலத்துப் பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் நேர்முனை எர்த் ஆனது என்பதால், பழைய லாண்ட்ரோவர்களில் பழகிய வயரிங் பாஸ் ஒருவர் பழக்கத்தில் மாற்றிப் பூட்டிவிட இடமுண்டு; இதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பற்றரியிலிருந்து சட்டகத்துக்கு, சட்டகத்திலிருந்து இயந்திரத்துக்கு, இயந்திரத்திலிருந்து உடலுக்கு எனச் செம்புப் பின்னல் பட்டிகள் செல்ல வேண்டும். இயந்திரம் இறப்பர்த் தாங்கிகளில் இருப்பதால், பட்டி இல்லாவிட்டால் ஸ்டாட்டரின் மின்னோட்டம் அக்சிலேற்றர்க் கம்பி வழியாகத்தான் திரும்பிப்போகப் பார்க்கும். பட்டி தொடும் இடங்களில் பூச்சைப் பளிச்சென்று சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கி, அதன் பிறகு வாசலீன் பூசி, சுற்றிலும் பூச்சு அடியுங்கள். புதிதாக நிறமடித்த ஜீப்களில் மின்கோளாறு அதிகமாக வருவது, அழகாகப் பூசிய பெயின்ரே எர்த்துக்குத் தடையாகிவிடுவதனால்தான்.

உங்கள் ஜீப்பின் பொனற் இலக்கத்துக்குப் பின்னால் ஆங்கில எஸ் எழுத்தின் தடம் ஏதாவது தெரிகிறதா என்று பழைய பூச்சை மெல்ல உரசிப் பாருங்கள். வானொலி இரைச்சலை அடக்கும் ஏற்பாடு பூட்டப்பட்ட வாகனங்களுக்கு அந்த எழுத்து இடப்பட்டது. அவற்றில் பொனற், மட்காட், இயந்திரம் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் வெள்ளீயப் பின்னல் பட்டிகளும், டைனமோவுக்கும் அதன் ஏற்றத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கும் கொண்டென்சர் வகை வடிகட்டிகளும், பிளக் வயர்களில் தடைகளும் இருந்தன. பட்டிகளை அவசியம் மீளப் பூட்டுங்கள். அவை எர்த்துக்கும் உதவுகின்றன. பழைய வடிகட்டிக் கொண்டென்சர்கள் கசிந்து ஷோட் ஏற்படுத்தக்கூடியவை. கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே புதியதை வைக்கலாம். வெறுமையாகவும் விடலாம், பாதகமில்லை.

ஸ்டாட்டரும் டைனமோவும் ஓட்டோ-லைற் நிறுவனத்தினுடையவை. 12 வோல்ற்றில் பல வருடம் ஓடிய ஸ்டாட்டர் எரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் அது இரட்டை விசையுடன் பாய்ந்து பிளைவீலின் பற்களை அடித்திருக்கும், அதனால் முதலில் பல்வளையத்தைச் சுற்றிவரப் பாருங்கள். ஸ்டாட்டரைப் பிரித்தால் அச்சைத் தாங்கும் புஷ்கள் தேய்ந்து, சுழலும் பாகமான ஆர்மேச்சர் இரும்பில் உரசிய தடம் இருக்கிறதா, அதன் நுனியிலுள்ள கொமியூற்றேற்றரின் செம்புப் பட்டைகளுக்கிடையே உள்ள மைக்கா மேலெழுந்து நிற்கிறதா என்பதே கவனிக்க வேண்டியவை. இரண்டும் இங்குள்ள லேத் வேலைத்தளத்திலேயே சரிசெய்யக்கூடியவை. வைண்டிங் வேலைக்குக் கொடுக்க நேர்ந்தால் மட்டும் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். 6 வோல்ற் ஸ்டாட்டரில் காந்தப்புலத்தை உண்டாக்கும் புலச்சுருள் பட்டையான தடித்த செம்பில் சுற்றப்பட்டது. கையிலுள்ள எனாமல் வயரில் கூடுதல் சுற்றுகளைச் சுற்றி, ஓடுகிறது பாருங்கள் என்று 12 வோல்ற்றில் சுற்றிக்காட்டித் தந்துவிடுவார்கள். அது இனி ஒருபோதும் 6 வோல்ற்றில் இயந்திரத்தைச் சுழற்றாது. பழைய சுருளின் சுற்று எண்ணிக்கையையும் செம்பின் அளவையும் எழுதி வாங்கிக்கொண்டு, அதன்படியே சுற்றச் சொல்லுங்கள், சோதனையை 6 வோல்ற் பற்றரியில் உங்கள் முன்னிலையில் செய்யச் சொல்லுங்கள். ஸ்டாட்டரை இயக்குவது காலால் அழுத்தும் சுவிச் என்பதால் சொலனொயிட் என்ற மின்காந்தச் சுவிச் கிடையாது. முன்னையவர் பூட்டிய சொலனொயிட்டை அகற்றி, கால்சுவிச்சைத் திறந்து உள்ளே கரிபிடித்த செம்புத் தட்டைத் தேய்த்துச் சமப்படுத்தினால் அது இன்னும் பல காலம் உழைக்கும்.

டைனமோ 40 அம்பியர் அளவிலானது. அதனோடு செல்லும் ரெகுலேட்டர் பெட்டியைக் கராஜ்களில் கட்அவுட் என்றே சொல்வார்கள். ஆனால் இதன் மூடியைத் திறந்தால் மூன்று சுருள்கள் இருக்கும்: ஒன்று, பற்றரியின் மின்னோட்டம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் துண்டிக்கும் கட்அவுட், ஒன்று மின்னழுத்தக் கட்டுப்பாடு, மற்றது மின்னோட்ட எல்லை. ஒரே சுருளுடைய சாதாரணக் கட்அவுட்டைப் பதிலாகப் பூட்டினால் பற்றரி கொதிக்கும், அல்லது டைனமோ கருகும். மூன்று கலங்களுடைய பற்றரிக்கு, வாகனம் சூடேறிய பின், மூடி பூட்டிய நிலையில் 7.2 வோல்ற் அளவில் ஏற்றம் நிற்க வேண்டும். நம் வெயிலில் அதற்கு மேல் வைப்பது பற்றரி நீரை வற்றவைக்கும் வேலை. ரெகுலேட்டரின் அடித்தட்டு டைனமோவின் உடலோடு சுத்தமாக எர்த் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தவறான அழுத்தத்தைப் பார்த்துத் தவறாகவே கட்டுப்படுத்தும்.

புதிதாகச் சுற்றிய அல்லது நெடுங்காலம் கிடந்த டைனமோவை ஓட்டுமுன், அதன் இரும்பில் எஞ்சியுள்ள காந்தம் சரியான திசையில் இருக்கும்படி செய்ய வேண்டும். வயர்கள் யாவும் பூட்டி முடிந்ததும், இயந்திரத்தை இயக்குமுன், ரெகுலேட்டரில் பற்றரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு துண்டு வயரால் ஒரு கணம் மட்டும் தொட்டெடுங்கள். சிறு பொறி பறக்கும், அவ்வளவுதான். புலமுனையைத் தொடாதீர்கள். இந்த முறை, புலச்சுருளின் எர்த் ரெகுலேட்டர் வழியாகச் செல்லும் இந்த வகை டைனமோவுக்கே உரியது. வேறு வகை பூட்டப்பட்டிருந்தால் இப்படிச் செய்வது ரெகுலேட்டரைக் கருக்கிவிடும். அல்டனேற்றருக்குப் பழகியவர்களுக்கு ஒன்றையும் சொல்லிவைக்கிறேன்: இயந்திரம் மெல்ல ஓடும்போது டைனமோ ஏற்றாது. கோணேசர் கோயில் ஏற்றத்தின் அடியில் நெரிசலில் நிற்கும்போது அம்பியர்மானி இறக்கத்தைக் காட்டினால் அது கோளாறன்று, இயல்பு.

பற்றரி 6 வோல்ற், 116 அம்பியர்-மணி. மோட்டார்சைக்கிள்களின் 6 வோல்ற் பற்றரி இதற்கு உதவாது. கோல்ஃப் வண்டிகளுக்கான 6 வோல்ற் பற்றரியில் கொள்ளளவு தாராளமாக இருந்தாலும், அது ஆழ்ந்து இறங்குவதற்கென்று செய்தது; உயரமும் பொனற்றில் முட்டும். தொடக்க மின்னோட்டத்துக்கெனச் செய்த 6 வோல்ற் பற்றரியைக் கொழும்பில் சொல்லி எடுப்பிப்பதே வழி. பழைய எபனைற் (கடின இறப்பர்) பெட்டி கிடைத்தால் அதைக் குடைந்து உள்ளே புதிய பற்றரியை மறைத்துவைப்பவர்களும் உண்டு. காட்சிக்கு மிக அழகாக இருக்கும். காற்றோட்டத் துளைகளை விட மறந்தால் ஆபத்தாகவும் இருக்கும். தாங்கித் தட்டில் அமிலம் வழிந்து இரும்பு அரித்திருந்தால், நிறமடிக்குமுன் அப்பச்சோடாக் கரைசலால் நன்றாகக் கழுவுங்கள்.

விளக்குகள்தான் இந்த ஜீப்பின் மின்னமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மிக அதிகமாகப் பிழையாகப் பூட்டப்படும் பகுதியும் அதுவே. பிரதான சுவிச் இழுத்துப் பாவிப்பது. முதல் இழுப்பில் இருட்டடிப்பு விளக்குகள், அதாவது வானிலிருந்து தெரியாதபடி மூடிய மங்கல் விளக்குகள், மட்டும் எரியும். அதற்கப்பால் இழுக்கப் பூட்டுப் பொத்தானை அழுத்தியாக வேண்டும். இருட்டில், எதிரி விமானம் மேலே இருக்கையில், கைதவறி முன்விளக்கு எரிந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இரண்டாம் நிலையில் வழக்கமான முன்விளக்குகளும் பின்விளக்கும், கடைசி நிலையில் பகலோட்டத்துக்கான நிறுத்த விளக்கு (பிரேக் விளக்கு) மட்டும். அதாவது, சுவிச்சை முழுதும் உள்ளே தள்ளிவைத்துப் பகலில் ஓடினால் பிரேக் விளக்கு எரியவே எரியாது. மீட்டெடுத்த ஜீப்பைக் கொண்டுவந்து பிரேக் விளக்கு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு வேண்டியது வயரிங் திருத்தமன்று, சுவிச்சை வெளியே இழுக்கும் பழக்கம்.

பின்புறத்தில் இடது, வலது விளக்குகள் வெளியே ஒரேமாதிரித் தெரிந்தாலும் உள்ளே வேறானவை. இடப்பக்கத்தில் மேலே சாதாரணப் பின்விளக்கும் நிறுத்த விளக்கும், கீழே இருட்டடிப்புப் பின்விளக்கு. வலப்பக்கத்தில் மேலே இருட்டடிப்பு நிறுத்த விளக்கு, கீழே மறுபடியும் இருட்டடிப்புப் பின்விளக்கு. இருட்டடிப்பு விளக்கின் சிறு கண்கள் கணக்கிட்டு வைக்கப்பட்டவை: கிட்ட வரும்போது தனித்தனியாகப் பிரிந்தும், தூரம் கூடக்கூட ஒன்றாக இணைந்தும் தெரிவதால், பின்னால் வரும் சாரதி தன் இடைவெளியை அதைக் கொண்டே மதிப்பிடுவார். இதற்குள் பிரகாசமான எல்இடி போட்டால் அந்தக் கணக்கே குலைந்துவிடும். இடது மட்காட்டின் மேல் உள்ள இருட்டடிப்பு ஓட்டவிளக்கு தொடக்க கால வாகனங்களில் இருக்கவில்லை, பின்னர் சேர்க்கப்பட்டது. உங்கள் தொடரிலக்கத்தைக் கைநூலோடு ஒப்பிட்டு, உரியதாயின் மட்டும் பூட்டுங்கள். முன்விளக்குகள் பிணைச்சலில் இருப்பவை. சிறகாணியைத் தளர்த்தி இயந்திரத்தின் பக்கம் திருப்பினால் இரவில் திருத்தவேலைக்கு வெளிச்சம் கிடைக்கும். அதற்கு அந்த இடத்தில் வயரைத் தாராளமாக விட்டுக் கட்ட வேண்டும். அழகுக்காக இறுக்கிக் கட்டிவிட்டு, முதல் தடவை திருப்பும்போதே வயரைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

அமெரிக்க முன்விளக்கு, வலப்பக்கமாக ஓடும் நாட்டுக்குச் செய்தது. தாழ்த்திய ஒளிக்கற்றை வலது ஓரத்தை நோக்கிச் சாயும். இங்கே அது எதிரே வரும் பஸ் சாரதியின் கண்ணில் போய் நிற்கும். தாங்கியை இடப்பக்கமும் கீழ்நோக்கியும் திருப்பிச் சுவரில் அளந்து நிறுத்துங்கள்.

பெற்றோலைப் பொறியால் பற்றவைக்கும் பகுதியில் சொல்ல அதிகமில்லை. 12 வோல்ற் கொயிலைக் கழற்றி 6 வோல்ற் கொயிலைப் பூட்டுங்கள், வழியில் தடைக்கம்பி எதுவும் ஒளிந்திருந்தால் எடுத்துவிடுங்கள். பொயின்ற் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.030 அங்குலம், எரியும் ஒழுங்கு 1-3-4-2. கருவிகளில் எண்ணெய் அழுத்தமானி, வெப்பமானி, வேகமானி மூன்றும் மின்சாரமில்லாதவை. எரிபொருள் மானியும் அம்பியர்மானியும் மட்டுமே உங்கள் கவலை. 12 வோல்ற் பட்ட எரிபொருள் மானி எரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கொழும்பின் பஞ்சிகாவத்தையில் பழைய ஜீப் பாகங்கள் இன்றும் அகப்படும், ஆனால் அவற்றில் பெரும்பங்கு போருக்குப் பிந்திய குடிசார் ஜீப்களுடையவையும் இந்தியாவில் செய்யப்பட்ட ஜீப்களுடையவையும் ஆகும். வடிவம் பொருந்தும், வோல்ற் பொருந்தாது. உடலில் பொறித்த இலக்கத்தைப் படிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

விட்டுக்கொடுக்கக்கூடிய இடங்கள் என்று கேட்டால், நான் மூன்றை ஏற்பேன். முதலாவது, பற்றரியைத் துண்டிக்கும் கனத்த சுவிச் ஒன்று. ஜீப்பில் உருகி (ஃபியூஸ்) பெட்டியே கிடையாது, விளக்குச் சுற்றுக்கு வெப்பத்தில் துண்டிக்கும் பிரேக்கர் மட்டுமே உண்டு. தீப்பிடித்தால் உங்களைக் காப்பது அந்தச் சுவிச்தான். பிற்கால எம்பிகளில் சாவிக்குப் பதில் வெறும் நெம்புகோல் சுவிச் வந்ததால், திருட்டுக்கும் அது தடை. இரண்டாவது, அம்பியர்மானிக்குச் செல்லும் வயரில் மறைவாக ஒரு உருகி. மூன்றாவது, வலது பின்விளக்கின் உட்பாகத்தை மாற்றி இடப்பக்கத்தைப் போலவே எரியவைப்பது. ஹபரணை வீதியில் இரவில் ஒற்றைச் சிவப்புப் புள்ளியோடு போகும் ஜீப்பைப் பின்னால் வரும் லொறிக்காரர் மோட்டார்சைக்கிள் என்றே எண்ணுவார். மூல உட்பாகத்தைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள், கண்காட்சி நாளில் அரைமணி நேரத்தில் மாற்றிவிடலாம்.

எல்லாம் பூட்டிய பின் மல்டிமீற்றரை எடுத்து, ஒருவர் ஸ்டாட்டரை மிதிக்க, பற்றரியின் நேர்முனைத் தூணுக்கும் ஸ்டாட்டரின் முனைக்கும் இடையே அளவிடுங்கள். பிடியில் அன்று, ஈயத் தூணிலேயே ஊசியை வையுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் வழியிலுள்ள ஒவ்வோர் இணைப்பாகத் தேடுங்கள், கால்சுவிச் உட்பட. எதிர்முனைத் தூணுக்கும் இயந்திரத்தின் உடலுக்கும் இடையேயும் அதே சோதனை. முன்விளக்குகளை எரியவிட்டு, பற்றரியில் உள்ள அழுத்தத்தையும் விளக்கின் பின்புற முனைகளில் உள்ள அழுத்தத்தையும் ஒப்பிடுங்கள், வேறுபாடு 0.3 வோல்ற்றுக்குள் இருந்தால் உங்கள் வேலை நன்றாக அமைந்திருக்கிறது. புதிய இணைப்புகள் சூட்டிலும் அதிர்விலும் சற்றுத் தளரும் என்பதால், நிலாவெளி வரை சில தடவை ஓடிவந்த பின் எல்லா முனைகளையும் மறுபடி இறுக்கி, இதே அளவுகளை மீண்டும் எடுங்கள்.

பற்றரி இறங்கிவிட்டால் வீதியில் உதவிக்கு வருபவர் 12 வோல்ற் காரிலிருந்து வயர் போடப் பார்ப்பார். விளக்குகளும் மானியும் போய்விடும், பற்றரியும் வெடிக்கலாம், அனுமதிக்காதீர்கள். இந்த இயந்திரத்தின் அமுக்க விகிதம் 6.48 மட்டுமே, கைத்தடியால் சுழற்றினால் இலகுவாக எழும்பும். கியரை நியூற்றலில் வைத்து, பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் சேர்த்துத் தடியைப் பிடித்து, கீழிருந்து மேலாக இழுங்கள். கீழ்நோக்கித் தள்ளினால் இயந்திரம் பின்னடிக்கும்போது கை முறியும்.